ஏழாங்கரை நாட்டுக் கடவுளரைப் படைத்த படலம்

மண்ணை வென்றவர் பலர். வென்ற மண்ணைத் தோற்றவர் அவரினும் பலர். மண்ணுக்காக மாண்டு கல்லாய் நின்றோரையோ எண்ணி மாளாது. ஆனால் பிடி மண்ணும் தனக்கென இல்லாதிருந்தும், தேயிலைப் பெட்டியின் மூடிப்பலகை ஒன்றில் கரித்துண்டால் ஒரு நாட்டையே படைத்து, அதற்கு ஆறும் மலையும் அரணும் அகழியும் அகழியில் முதலையும் அருளிச்செய்த பெருமகன் இவ்வுலகில் ஒருவனே. கோத்தகிரிக்கு மேலே மஞ்சு தவழும் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிற்சாலை அடுப்பின் அகன்ற வாய்க்கு விறகூட்டி வளர்த்த அனற்காவலன், புகைபடு புருவத்தோன், கட்டைசுமந்து காய்த்த தோளினன், கம்பளித் தொப்பியையே மணிமுடியாய்த் தரித்தோன், இருளப்பன் என்னும் திருநாமத்தான் வாழ்க! அவன் முறுக்கிய மீசை வாழ்க! அம்மீசையில் படிந்த சாம்பலும் வாழ்க!

இவ்வண்ணல் பிறந்தது கடலுக்கு அப்பால், சிலோனில், ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் கூலிக் குடியிருப்பான லயத்தில். இரு நாட்டுப் பெரியோர் மேசையின் இருபுறமும் அமர்ந்து, இத்தனை பேர் உமக்கு, இத்தனை பேர் எமக்கு என்று பாகம் பிரித்தபோது, இந்தியாவின் பங்கில் விழுந்தான் இருளப்பன். கப்பலேறினான், கரையிறங்கினான், மண்டபத்து முகாமில் வரிசையில் நின்றான், நின்ற வரிசை நகர்ந்து நகர்ந்து நீலமலையின் முகட்டில் கொண்டுவந்து விட்டது. அங்கே அவனைச் ‘சிலோன்காரன்’ என்றார்கள். சிலோனிலோ அவனை ‘இந்தியாக்காரன்’ என்றிருந்தார்கள். ஆகவே, இரண்டுமல்லாத மூன்றாவது நாடு ஒன்று தேவைப்படுகிறது என்பதை உணர்ந்த பெருமகன், மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் அதைத் தானே செய்துகொண்டான். அதற்கு ஏழாங்கரை நாடு என்று பெயரும் சூட்டினான்.

விளையாட்டின் முறை எளிது. இருளப்பன் கதை சொல்வான். மற்றவர் அக்கதைக்குள் ஆளுக்கொரு வேடம் பூண்டு நடப்பர். ‘பாலம் தெரிகிறது’ என்பான் அவன். ‘கடக்கிறேன்’ என்பார் ஒருவர். கடந்தாரா கவிழ்ந்தாரா என்பதைப் பித்தளைத் தாயக்கட்டை இரண்டும் உருண்டு சொல்லும். நாட்டுக்குள் முதலடி வைக்கவோ, ஒன்று என்னும் தாயம் விழுந்தாக வேண்டும். விழாதவன் எல்லைக் கல்லுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். சக்கரவர்த்தியானாலும் விலக்கில்லை என்று இருளப்பனே சட்டம் செய்திருந்தான்.

குடிமக்கள் மூவர். முதல்வர், சாலை வளைவில் தேநீர்க்கடை நடத்திய வெள்ளியங்கிரி. அன்னூர்ச் சமவெளியிலிருந்து குளிரை வெல்ல மலையேறி வந்து, மூன்று ஸ்வெட்டர் அணிந்தும் வெல்லாத வீரர். ஏழாங்கரையில் அவர் படைத்தளபதி. தாயம் விழாமல் முதல் ஞாயிறு முழுவதும் அத்தளபதி எல்லைக் கல்லின்மேல் அமர்ந்து பொரி தின்றது நாடறிந்த செய்தி. இரண்டாமவள் இருளப்பனின் இல்லத்தரசி தெய்வம்மா, அங்கே மருத்துவச்சி. மூன்றாமவள் தெய்வம்மாவின் அக்காள் வேலாயி. பிந்திய கப்பலில் வந்து மலையேறி அரையாண்டுகூட ஆகவில்லை. வெளியே கூடை சுமந்து குனிந்தே நடந்த அக்கொழுந்துகொய் விரலாள், ஏழாங்கரைக்குள் குதிரையேறிய கொள்ளைக்காரியாய் நிமிர்ந்து வருவாள். அவள் வரும் தூசி கண்டாலே தளபதி வண்டிகளை மரத்தடிக்கு ஒதுக்கிவிடுவார்.

இவ்வாறு இனிது நடந்த நாட்டில் இடர் புகுந்தது அகழியின் வழியாக. தளபதி அகழியைத் தாண்டினார்; கட்டை கைவிட்டது; முதலை காலைக் கவ்வியது.

“ஏனுங்க இருளப்பரே, காலெக் கவ்விப்போட்டுதுங்க! மாசாணியாத்தா, காப்பாத்து!” என்று கடையின் பின்னறை அதிரக் கூவினார் வெள்ளியங்கிரி.

இருளப்பன் கை உயர்த்தினான். “முதலாளி, அந்தச் சாமியெல்லாம் இங்க கூப்புடாதீங்க. நெசமான சாமியக் கட்டையில உருட்டினா பாவம்.”

“அப்ப இந்த நாட்டுல என்ன சாமிங்க இருக்குது?”

மலையைப் படைத்தவன், முதலையைப் படைத்தவன், முதலைக்குப் பல்லையும் பார்த்துப் பார்த்துப் படைத்தவன், கடிபட்டவன் கூப்பிட ஒரு தெய்வத்தைப் படைக்க மறந்துபோனான்! ஆயினும் கலங்காத நெஞ்சினன் எழுந்து நின்று கட்டளையிட்டான்:

“அடுத்த ஞாயித்துக்கெழம எல்லாரும் சாமி கொண்டு வாங்க. கட்டையில விழுற எண்ணு ஏழு. ஒண்ணுலேருந்து ஆறு, அப்புறம் பன்னெண்டு. எண்ணுக்கு ஒரு சாமி. எந்த எண்ணு விழுதோ, அந்தச் சாமி கண்ணத் தொறக்கும்.”

“அதுவரைக்கும் என்ற காலு?”

“மொதல வாயிலதான்.”

அவ்வாரம் முழுவதும் வெள்ளியங்கிரி சற்றே நொண்டியபடிதான் தேநீர் ஆற்றினார் என்பது கண்டோர் கூற்று.

இருளப்பனோ தொழிற்சாலை அடுப்பின்முன் நின்று நெடுந்தவம் புரிந்தான். விறகை எறிவான், ஒரு தெய்வம் பிறக்கும். சாம்பலை வாருவான், அத்தெய்வத்துக்கு ஒரு நோன்பு பிறக்கும். இரண்டாம் எண்ணுக்கு மூடுபனியானைப் படைத்தான். அவன் கோயிலுக்குச் சுவரில்லை, இருந்தாலும் தெரியப்போவதில்லை. அவன் அடியார் ஒருவரையொருவர் கண்டதே இல்லையாதலின் அம்மதத்தில் சண்டை என்பதும் இல்லை. மூன்றுக்கு அட்டைநாச்சி. படையல் கேட்கும் வழக்கமற்றவள். வேண்டியதைப் பக்தனின் கணுக்காலில் தானே எடுத்துக்கொள்ளும் தன்னிறைவுத் தெய்வம். நான்குக்கு வரிசையப்பன். நீண்ட வரிசையின் தலைமாட்டில் ஒரு சன்னலுக்குள் வீற்றிருப்பான். பக்தன் முறை வந்து வாய்திறக்கும் வேளையில் சன்னலைச் சாத்துவான். ‘நாளைக்கு வா’ என்பது அவன் மூலமந்திரம்.

இவையெல்லாம் இடக்கையால் செய்தவை. பன்னிரண்டு என்னும் பேரெண்ணுக்கு, இரு கட்டையும் வெறுமை காட்டி விண்ணதிர விழும் அவ்வேந்தெண்ணுக்கு, அவன் தன் உயிரையே உருக்கி ஊற்றினான். ஊழிக்கனலோன்! ஆயிரம் கரத்தான், கரத்துக்கு ஒரு கொள்ளிக்கட்டை. எரிமலைச் சரிவில் மேயும் காண்டாமிருகம் அவன் ஊர்தி. பூசாரிகளில் மூன்று தரம் வைத்தான். மூன்றாம் தரத்தார் முதல் தரத்தாரை நேராய்ப் பார்க்கக் கூடாது என்று விதித்தான். மதமென்றால் பிளவொன்று வேண்டுமே என்றெண்ணி, தீபத்தை இடமிருந்து சுற்றுவோர், வலமிருந்து சுற்றுவோர் என்று அடியாரை இரண்டாக்கி, அவர்கள் நூறாண்டு போரிட்டதாகவும் வகுத்தான். போரின் இறுதியில் அவனுக்கே அழுகை வந்துவிட்டது. நெருப்பின் வெக்கை என்று மேஸ்திரியிடம் சொல்லிச் சமாளித்தான்.

ஞாயிறு புலர்ந்தது. வாசலில் மழை பார்த்து நின்ற தெய்வம்மா கணவனைத் தனியே அழைத்தாள்.

“இந்தாங்க, அக்கா கோயமுத்தூருப் பக்கம் போயிடுறேங்குது. மில்லுல வேல இருக்குன்னு எவளோ சொல்லியிருக்கா. இந்த மலையில நமக்கு யாரு இருக்கான்னு கேக்குது.”

“நாம இல்லையா?”

“ஞாயித்துக்கெழம மட்டுந்தான் அது மொகத்துல சிரிப்பப் பாக்குறேன். இன்னக்கி வம்பு பண்ணி அதையும் கெடுத்துறாதீங்க.”

“நான் என்னா வம்பு பண்றேன்?”

“பன்னெண்ட நீங்களே வச்சுக்கிருவீங்க. எனக்குத் தெரியாதா?”

மனைவியர் கணவரின் உள்ளத்தைப் படிக்கும் இவ்வித்தை எப்படையாலும் தடுக்கவொண்ணாதது. இருளப்பன் தொப்பியைத் தரித்துக்கொண்டான்.

தென்மேற்குப் பருவம் கற்பூரமரங்களைப் பிடித்து உலுக்க, மலைச்சாலை ஓடையாய் ஓட, வெள்ளியங்கிரியின் பின்னறையில், சர்க்கரை மூட்டைகள் அரணாகவும் ரொட்டித் தட்டுகள் கொத்தளமாகவும் சூழ்ந்த அப்பேரவையில், நால்வரும் பலகையைச் சுற்றி அமர்ந்தனர். மூடுபனியானும் அட்டைநாச்சியும் வரிசையப்பனும் எதிர்ப்பின்றி அரியணை ஏறினர். வரிசையப்பனைக் கேட்டதும் அக்காளும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்து, “இந்தச் சாமிய நாங்க பாத்திருக்கோம்” என்றனர்.

வெள்ளியங்கிரி தம் தெய்வத்தை அறிவித்தார். “நித்தியத்தேரான்னு பேருங்க. வருசம் பூரா நோம்பி. தெனமும் தேரு. தேருன்னாக் கூட்டம், கூட்டமுன்னாக் கடைங்க. பக்தியும் ஆச்சு, பொழப்பும் ஆச்சு.” ஐந்தாம் எண் அவனுக்கு ஆயிற்று. தெய்வம்மா கொணர்ந்தவள் கசாயத்தாயி. அவள் பெயரைச் சொன்ன மாத்திரத்தில், கோயிலுக்குப் போக அஞ்சியே நோயாளி எழுந்து நடந்துவிடுவான். அவள் ஆறில் அமர்ந்தாள். ஒன்று என்னும் எண் பலகையின் ஓரத்தில் தனியே கிடந்தது. சின்ன எண்ணாகையால் அதை ஒருவரும் கேட்கவில்லை.

அப்போது எழுந்தான் இருளப்பன். முழங்கினான். கொள்ளிக்கட்டை ஆயிரமும் அறையைச் சுற்றிச் சுழன்றன. காண்டாமிருகம் சர்க்கரை மூட்டைகளை இடறிக்கொண்டு கடந்தது. இடத்தாரும் வலத்தாரும் நூறாண்டுப் போரை நடத்தி மாண்டு மீண்டும் எழுந்தனர். முன்கடையில் தேநீருக்கு நின்றவர்கள்கூடத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தார்கள். மூச்சுவாங்கி அவன் அமர்ந்தபோது வேலாயி மெல்லக் கேட்டாள்:

“மாப்புள, ஒங்க சாமி என்னா பேசும்?”

“பேசுமா?”

“கும்புடப் போனவன் முன்னால நிக்கிறான்ல. அவன்கிட்ட சாமி என்னா சொல்லும்?”

வில்லோ வேலோ துளைக்காத மார்பை இவ்வினா துளைத்தது. ஆயிரம் கை படைத்தவன் வாயொன்று படைக்க மறந்திருந்தான்! ஆயினும் பின்வாங்குதல் அறியாப் பெருவீரன், நெஞ்சு நிமிர்த்தி, கனலோனின் குரலை அக்கணமே வார்த்தெடுத்தான்.

“டேய்! நேரங்கழிச்சு வந்தவனெல்லாம் அந்தப் பக்கம் நில்லு! இன்னக்கி ஒனக்கு அரைப் பேருதான், அரைச் சம்பளந்தான்!”

தெய்வம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “இது பெரட்டுக்களத்துக் கங்காணி. காலையில பேரு கூப்புடுறப்ப இப்புடித்தான் கத்துவாரு.”

வீரன் மீண்டும் முயன்றான். “ஒம் பேரு என்னா? தகப்பன் பேரு என்னா? எந்தத் தோட்டம்? எந்தக் கப்பல்?”

“இது கேம்ப்பு ஆபீசரு” என்றாள் வேலாயி.

மூன்றாம் முறை குரலைத் தாழ்த்தி, தேன் குழைத்து மொழிந்தான்: “பக்தா, உனக்கு என்ன வேண்டும்?”

“அது நானுங்க” என்றார் வெள்ளியங்கிரி. “தெனமும் கடையில அதத்தானுங்களே கேக்கறன்.”

ஊழிக்கனலோன் ஊமையானான். அவன் கொள்ளிக்கட்டைகள் ஒவ்வொன்றாய் அவிந்தன. அவ்விருளில் வேலாயி தன் தெய்வத்தை அவைமுன் வைத்தாள். அலங்காரச் சொல்லொன்றும் அவள் சேர்க்கவில்லை.

“எஞ் சாமிக்கு வாகனமெல்லாம் இல்ல. வாசப்படியில உக்காந்திருக்கும். யாரு வந்தாலும் பாத்து, ‘வந்துட்டியா?’ன்னு கேக்கும்.”

“அவ்வளவுதானா?” என்றான் இருளப்பன்.

“‘நனைஞ்சுட்டியே, உள்ள வா’ன்னும் சொல்லும். அதுக்கு மேல அதுக்குப் பேசத் தெரியாது.”

“பேரு?”

“வந்துட்டியாத்தா.”

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. வேலாயி மலையேறி வந்த நாளை நால்வரும் அறிவர். அவள் வரவைச் சொல்லும் தந்தி அவளுக்குப் பின்னால் வந்தது. இருளப்பன் அடுப்படியில், தெய்வம்மா மலைக்கு அந்தப் பக்கத்துக் கொழுந்து பறிப்பில். இந்த வளைவில், இந்தக் கடை வாசலில், தகரப்பெட்டியோடு பொழுதுசாயும்வரை அவள் மழையில் நின்றாள். பேருந்தைவிட்டு இறங்கியவளிடம் இம்மலையில் முதன்முதல் பேசியவர் வெள்ளியங்கிரியே. ‘பொட்டியெச் சித்தெ தள்ளி வெய்ங்க, பஸ்ஸு திரும்போணும்’ என்பது அவர் பேசியது.

இப்போது அவர் சர்க்கரை மூட்டையின் தையலை உற்றுப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“அன்னைக்கி ரண்டு பஸ்ஸு ஒண்ணா வந்துருச்சுங்க அம்மிணி. கை ஓயலீங்க…” என்றவர், பலகையைத் தட்டி முழங்கினார்: “இருளப்பரே, பன்னெண்டெ இந்த ஆத்தாளுக்கே குடுத்துருங்க!”

“குடுத்தா வாங்கிக்கிறேன்” என்றாள் வேலாயி.

மூண்டது போர்! கட்டிய கோட்டையைக் கண்முன் பறிகொடுத்த கோமகனாய், குட்டியிழந்த கரடியாய்ச் சினந்தான் இருளப்பன். ஒரு வாரத் தவம்! மூன்று தரப் பூசாரிகள்! நூறாண்டுப் போர்! அத்தனையும் ஒரு வாசற்படிக்குப் பணிவதா? மனைவி காலையில் உரைத்த நல்லுரை, பெருவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட சுள்ளியாயிற்று.

“கட்ட சொல்லட்டும்! பன்னெண்ட யாரு மொதல்ல போடுறாங்களோ அவங்க சாமிக்குத்தான் பன்னெண்டு!”

உருண்டன கட்டைகள். இடியோடு இடி மோதினாற்போலப் பித்தளையோடு பித்தளை மோதியது. இருளப்பன் எறிய இரண்டு விழுந்தது. அதற்கெனவே காத்திருந்தாற்போல் சன்னல் வழியே மூடுபனி புகுந்து நால்வர் முகத்தையும் மறைத்தது. வேலாயி எறிய மூன்று விழுந்தது. வெள்ளியங்கிரி ‘ஐயோ’ என்று வேட்டியைத் தூக்க, கணுக்காலில் மெய்யாகவே ஓர் அட்டை, படையலை எடுத்துக்கொண்டிருந்தது. இருளப்பன் எறிய நான்கு விழுந்தது, முன்கடையில், “முதலாளி, டீ குடுப்பீங்களா மாட்டீங்களா?” என்று கூச்சல் எழுந்தது. “வரிசையில நில்லுங்க, வாறன்!” என்று உள்ளிருந்தே அருளினார் வெள்ளியங்கிரி. தம் வாயிலிருந்து வந்தது எத்தெய்வத்தின் குரல் என்பதை உணர்ந்து மெய்சிலிர்த்தார்.

ஐந்து, ஆறு, மீண்டும் இரண்டு. தோள் சளைத்தது, துணிவு சளைக்கவில்லை. அப்போது இருளப்பன் கட்டைகளை இரு கைக்குள்ளும் அடக்கி, வாயருகே கொண்டுசென்று ஊதி, கனலோனை நினைந்து வீசினான். ஒரு கட்டை பலகையில் கிடந்து வெறுமை காட்டியது. மற்றது உருண்டு, பலகையைக் கடந்து, ரொட்டித் தட்டின் விளிம்பில் முட்டி, அதன்மேல் சாய்ந்து நின்றது. மேலே தெரிந்த முகம் வெறுமை.

“பன்னெண்டு!” என்று இருளப்பன் எழுந்த எழுச்சியில் தொப்பி கழன்று வீழ்ந்தது.

“ஏனுங்க, ஏனுங்க! சாஞ்ச கட்டெ செல்லாதுங்க!” என்று குறுக்கே பாய்ந்தார் வெள்ளியங்கிரி. “போன வாரம் என்ற தளபதிக்குச் சாஞ்சு நின்னப்ப நீங்கதானுங்களே செல்லாதுன்னீங்க? அதனாலதான மொதலெ கவ்வுச்சு?”

“அது வேற! அது மூட்டையில சாஞ்சுது. இது தட்டுல சாஞ்சிருக்கு!”

நான்கு தலைகள் அக்கட்டையைச் சூழக் குனிந்தன. கோள்கள் கூடும் வேளையில் சோதிடரும் இத்துணைக் கூர்மையாய் வான்பார்த்ததில்லை. மூச்சுவிட்டால் கட்டை விழும். விழுந்தால் எப்பக்கம் விழுமென்று எவர் அறிவார்?

“விடுங்க முதலாளி” என்றாள் வேலாயி. “நாட்டப் படைச்சவரு அவரு. அவரு சொன்னாச் சரி.” சொல்லிக்கொண்டே மழைக்குத் தலையில் போர்த்திவந்து மூட்டையோரம் கழற்றி வைத்திருந்த சாக்குக் கொங்காணியை எடுத்து உதறி மடித்தாள். கோபம் அவள் முகத்தில் இல்லை. கோபமிருந்தால் இருளப்பனுக்கு எளிதாயிருந்திருக்கும். இன்னொரு வண்டிக்குக் காத்திருப்பவளின் முகம் அது. தெய்வம்மா கணவனைப் பார்த்தாள்.

அந்தோ, அக்கணம் இருளப்பனின் நெஞ்சக் களத்தில் நடந்த போருக்கு முன் கட்டைப் போர் எம்மாத்திரம்! ஒருபுறம் பன்னிரண்டு என்னும் பேரரசு, கைநீட்டினால் கிட்டும் தொலைவில், தட்டில் சாய்ந்து நிற்கிறது. மறுபுறம் அவனே செய்த சட்டம். ஒருபுறம் காண்டாமிருகம். மறுபுறம் மடித்த கொங்காணி. ‘செல்லும்’ என்ற சொல் நாவின் நுனிவரை வந்து நின்றது. அதைச் சொல்ல மீசையை நீவினான். நீவிய கை அங்கேயே நின்றது. இரண்டு அரசாங்கங்கள் தமக்கென்று ஒரு சட்டம், பிறர்க்கென்று ஒரு சட்டம் வைத்திருந்ததைத் தானே எத்தனை முறை ஏசியிருக்கிறோம் என்பது நினைவில் வந்து தொலைத்தது.

விரலால் கட்டையைத் தட்டிவிட்டான்.

“செல்லாது. நீங்க போடுங்க, மதினி.”

வேந்தர் முடிதுறந்த வரலாறுகள் உண்டு. அவர்களுக்கு வேறு முடிகளும் இருந்தன. இவனுக்கோ கீழே விழுந்த தொப்பி ஒன்றே; அதையும் குனிந்து எடுக்காமல் நின்றான்.

வேலாயி கொங்காணியைக் கீழே வைத்தாள். கட்டையை எடுத்தாள், உருட்டினாள். முதற்கட்டை வெறுமை. வெள்ளியங்கிரியின் வாய் திறந்தது. இரண்டாவது சுழன்றது, தளர்ந்தது, புரண்டது, பலகையின் நடுவில் படுத்தது. ஒற்றைப் புள்ளி.

தாயம்.

வெள்ளியங்கிரி தலையில் கைவைத்தார். வேலாயியோ சிரித்துவிட்டாள், மலையேறி வந்தபின் பல்தெரிய அவள் சிரித்தது அதுவே முதல்முறை. ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அச்சின்ன எண்ணை விரலால் தொட்டாள்.

“எனக்கு ஒண்ணு போதும் மாப்புள. பன்னெண்ட நீங்களே வச்சுக்குங்க.”

வெற்றி! தேடாமலே வந்து மடியில் வீழ்ந்தது பேரரசு. அவிந்த கொள்ளிக்கட்டை ஆயிரமும் மீண்டும் பற்றின. இருளப்பன் தொப்பியைத் தரித்தான், பலகையின் முன் நின்றான், கனலோன் தன் காண்டாமிருகத்தின்மேல் ஏழாங்கரை நாட்டுக்குள் எழுந்தருளும் காட்சியைப் பாடத் தொடங்கினான். “முரசு முழங்குது! எல்லக் கல்லுக்கிட்ட வந்துட்டாரு! இந்தா, உள்ள…”

“மாப்புள” என்றாள் வேலாயி. “தாயம் போட்டுட்டாரா?”

“சாமிக்குமா தாயம்?”

“சக்கரவர்த்திக்கும் உண்டுன்னு சட்டம் போட்டது நீங்கதானே?”

அப்போதுதான் புரிந்தது அவனுக்கு. தாயம் விழாமல் இந்நாட்டுக்குள் எவரும் புக முடியாது, தாயமோ அவளுடையது. பன்னிரண்டின் அரியணையில் அமர வேண்டியவனும் அந்த வாசற்படியைக் கடந்தே ஆகவேண்டும். இருளப்பன் எறிந்தான். ஐந்து. எறிந்தான். மூன்று. மூடுபனியான் வந்தான், கசாயத்தாயி வந்தாள், வரிசையப்பன் வந்து ‘நாளைக்கு வா’ என்று சொல்லிப் போனான். ஒருமுறை பன்னிரண்டே விழுந்தது. இப்போது யாருக்கு வேண்டும் பன்னிரண்டு? ஊழித்தீயின் தலைவன் எல்லைக் கல்லருகே மழையில் நனைந்து நின்றான். கொள்ளிகள் புஸ்ஸென்று அணைந்தன. காண்டாமிருகம் தும்மியது.

“பொரி வேணுங்களா?” என்று பரிவோடு கேட்டார் வெள்ளியங்கிரி.

தெய்வம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். இருளப்பனுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வெறியோடு எறிந்தான். எறிந்து எறிந்து, முன்கடையில் நின்றவர்களெல்லாம் தாங்களே தேநீர் ஆற்றிக் குடிக்கத் தொடங்கிய நேரத்தில், கட்டை இரங்கியது. ஒற்றைப் புள்ளி.

வேலாயி பலகையின் மேல் சற்றே முன்சாய்ந்தாள். குரலை மாற்றவில்லை, தெய்வத்தின் குரலும் அவள் குரலாகவே இருந்தது.

“வந்துட்டியா? நனைஞ்சுட்டியே. உள்ள வா.”

இதற்கு ஊழிக்கனலோன் என்ன மறுமொழி தந்தான் என்பதை எவரும் அறியார். எத்தனையோ சன்னல்களுக்கு முன்னால் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லிச் சொல்லி நின்றவனுக்கு, இந்த முறை சொல்ல ஒன்றுமே கேட்கப்படவில்லை. இருளப்பன் மூக்கை உறிஞ்சி, “பொக” என்றான். அடுப்பு முன்கடையில் இருந்தது. யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

“எனக்கு இன்னும் காலு மொதலெ வாயிலதானுங்க இருக்குது” என்று நினைவூட்டினார் தளபதி.

மருத்துவச்சி கட்டையை உருட்ட ஆறு விழுந்தது. கசாயத்தாயியின் பெயர் கேட்டதும் முதலை வாயைத் திறந்து ஓடியது. காலை மீட்ட மகிழ்ச்சியில் வெள்ளியங்கிரி தேநீர் போட எழுந்தார். தெய்வம்மா கட்டைகளைத் துடைத்தபடி, பார்க்காமலே கேட்டாள்:

“அக்கா, மில்லுக்காரிக்கு என்னா பதில் சொல்லப் போற?”

“அவகிட்ட வரலேன்னு சொல்லணும்” என்றாள் வேலாயி. “வடக்குக் கோட்டைய இன்னும் நான் கொள்ளையடிக்கவே இல்லையே. வெளஞ்சத விட்டுட்டு எங்க போறது?”

“வடக்குக் கோட்டையில காவல் பலமுங்க அம்மிணி!” என்று முன்கடையிலிருந்து எச்சரித்தது தளபதியின் குரல்.

இங்ஙனம் ஏழெண்ணும் ஏழு தெய்வமும் பொருந்த, பனித்திரை விலக, மேற்கே சாய்ந்த வெயில் தேயிலைச் சரிவெல்லாம் பொன்னிறம் பூச, அரியணையேறிய ஊழிக்கனலோனும் அவனை உள்ளழைத்த வாசற்படித் தேவியும் ஏழாங்கரை நாட்டுக்கு அருள்சுரக்க, இடத்தாரும் வலத்தாரும் பகைமறந்து தழுவிக்கொள்ள, எல்லைக் கற்கள் எல்லாம் குளிர்ந்து பூப்பூக்க, முரசம் ஆர்ப்ப, வளை முழங்க, வென்றும் தோற்றும் தோற்றும் வென்றும் நின்ற வீரப்பெருமகன் இருளப்பன், தளபதி நீட்டிய தேநீர்க் கண்ணாடிக் குவளையை இரு கையாலும் ஏந்தி உதட்டருகே உயர்த்தினான்.

டீயில் சர்க்கரை இல்லை.